சுவரில் இருந்த ரொட்டிகள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கல் செதுக்கும் என் மச்சான் கூயி இதை ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒன்பது மாதங்களில், துண்டு துண்டாக, ஒருநாள் சொன்னதை இன்னொரு நாள் மாற்றியும் சொன்னான். அந்தச் சுவர் வடக்குச் சுவரா கிழக்குச் சுவரா என்பதுகூட இப்போது எனக்குக் குழம்புகிறது. அதில் முதலில் மை தொட்டு எழுதியவன் நான்தான் என்றபோதும். ரொட்டியில் தொடங்கியது என்பது மட்டும் நிச்சயம்.

அன்று நண்பகல். வெளியே வெயில் வெள்ளைக் கல்லில் பட்டுக் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் பிரமிடுக்கு அடியில், குனிந்தே இறங்கவேண்டிய அந்த நீண்ட வழியின் கடைசியில், அரசரைக் கிடத்தப்போகும் அறைக்குள் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. கொழுப்பில் ஊறிய துணித் திரி எரியும் வரை வேலை. அது அணைந்தால் ஓய்வு. கூயி தனியாக இருந்தான். காலியாக வாய் திறந்திருந்த கருங்கல் பேழையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மனைவி நூபெத் துணியில் முடிந்து கொடுத்திருந்த ரொட்டியைப் பிரித்தான். மேல்தோல் விரலுக்கு மொறுமொறுப்பாக இருந்தது. வாசனைதான் வரவில்லை. ஒரு வாய் கடித்து மென்றான். ஈரமான கல்பொடியை மெல்வது போலிருந்தது. உப்பு இல்லை, புளிப்பு இல்லை, தீயில் கருகிய விளிம்பின் கசப்புகூட இல்லை. வெங்காயத்தைக் கடித்தான். கண்ணில் நீர் வந்தது; நாக்கில் ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் கேட்டான்.

"இன்னிக்கு ரொட்டில உப்புப் போட்டியா?"

"கையால அள்ளிப் போட்டேன். ஏன், உளியால நாக்கையும் செதுக்கிக்கிட்டியா?" என்றாள் நூபெத்.

"சப்புன்னு இருந்துச்சு."

"கல்லுப்பொடியத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு உனக்கு. இந்தா, அதே மாவுதான். இதத் தின்னுட்டுச் சொல்லு."

தின்றான். உப்புக் கரித்தது.

அவனுடைய வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரசருக்கான மந்திரங்களை நான் சுவரில் மையால் எழுதுவேன். கூயி அவற்றைக் கல்லில் செதுக்குவான். செதுக்கிய பிறகு, உயிருள்ளவற்றையெல்லாம் ஊனமாக்குவான். எங்கள் எழுத்துகளில் பாதிக்கு மேல் பறவைகள், பாம்புகள், விலங்குகள், மனிதர்கள். கல்கதவு இறங்கி இருட்டு மூடிய பிறகு அவை எழுந்துவிடக் கூடும். எழுந்தால் அரசரைக் கடிக்கும்; அவருக்கென்று வைத்ததைத் தின்றுவிடும். அதனால் கொம்புப் பாம்பை அவன் கழுத்தோடு இரண்டாக வெட்டி நடுவில் சாந்து பூசுவான். சிங்கத்தை இடுப்போடு நிறுத்துவான். குஞ்சுகளுக்குக் கால் வைக்கமாட்டான். மனிதனுக்குத் தலையும் கைகளும் மட்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஹெசி விளக்கைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போவார். எங்காவது ஒரு கால் தப்பியிருந்தால் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: "கூயி, இது எங்கய்யா கெளம்புது? ஆத்துக்குத் தண்ணி குடிக்கவா?"

ஊனமில்லாமல் விடப்பட்டது ஒரு சுவர்தான். அது உணவுப் பட்டியல். ரொட்டி, கள், வாத்துக்கறி, அத்திப்பழம்; மறுபடி ரொட்டி. வரிசை வரிசையாக, தரையிலிருந்து கூரைவரை. யாரும் வாசிக்காவிட்டாலும் அது அங்கே இருக்கும்வரை அரசருக்குப் பசிக்காது.

கூயிக்கு ஒரு தம்பி இருந்தான். இன்தி. கல் ஏற்றும் சாய்தளத்தில், இழுக்கப்படும் கல்லுக்குப் பின்னால் முட்டுக்கட்டை வைக்கிறவன். வெள்ளக் காலத்தில் ஒருநாள் கயிறு அறுந்தது. கல் திரும்பி வந்தது. அந்த ஒரு காலையில் மட்டும் பதினோரு பேர் கல்லுக்கடியில் போனார்கள். அந்த ஆண்டு முழுவதும் எத்தனை பேர் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இன்தி உடனே சாகவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மூன்று நாள் பாயில் கிடந்தான். வயிற்றில் அடி, எதுவும் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவனுடைய கூலி ரொட்டி மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கூயி அதை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வெளியே போய் உட்கார்ந்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணே, வாசனை வருது. என்ன திங்கிற?"

"ஒண்ணுமில்லடா. தூங்கு."

"பொய் சொல்லாத. எனக்கு ஒரு துண்டு."

கூயி வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கினான். சாயங்காலத்துக்குள் இன்தி போய்விட்டான். மணலைத் தோண்டி, ஒரு பாயைச் சுற்றி, அப்படியே வைத்தோம். படையல் மேசை இல்லை, பலிக்கல் இல்லை, பெயர் இல்லை. அப்படித்தான் எங்களைப் போன்றவர்களை வைப்பார்கள்.

அதற்குப் பிறகுதான், ரொட்டியில் ருசி போவதற்குச் சில நாள் முன்பு, கூயி ஒரு காரியத்தைச் செய்தான். பேழைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி உண்டு. ஹெசியின் விளக்கு அங்கே போகாது. தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை உள்ளே விட்டு, கண்ணால் பாராமல் விரலால் தடவித் தடவி, ஒரு திரி எரிந்து முடிவதற்குள் அந்தச் சுவரில் ஒரு சாண் உயர மனிதன் ஒருவனைச் செதுக்கினான். முழு மனிதன். தலை, தோள், வயிறு. இடது காலை முன்னால் எடுத்துவைத்து நடக்கிறவன். இரண்டு கால்கள். கடைசியாகக் கண். எதிர்ச் சுவரில் அத்தனை ரொட்டி இருக்கிறதே, அதில் ஒன்று போனால் அரசருக்கு என்ன குறைந்துவிடும்?

பெயர் மட்டும் செதுக்கவில்லை. பயம். வெறும் உருவத்தை யாராவது கண்டுபிடித்தால் கை தவறிவிட்டது என்று காலில் விழலாம். கூலிக்காரன் ஒருவனின் பெயர் அரசரின் அறையில் இருந்தால், அது யார் வேலை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ரொட்டி சப்பென்று போன இரண்டாம் நாள், அவன் விளக்கோடு பட்டியல் சுவரின் அருகே போனான். கீழ் வரிசையில் ஓர் இடம் வழவழவென்று இருந்தது. அரைவட்ட வடிவில் ஏழு ரொட்டிகளை அங்கே செதுக்கியதாக அவனுக்கு ஞாபகம். இப்போது நான்குதான் இருந்தன. மற்ற மூன்றின் இடத்தில் கல் மெழுகு போல மின்னியது. உடைந்த தடம் இல்லை, பொடி இல்லை. பள்ளத்தில் பூசிய பச்சை நிறம்கூட ஒட்டாமல் போயிருந்தது. செதுக்கவே இல்லையோ என்று முதலில் நினைத்தான். அவசரத்தில் விட்டிருப்பேன். மனிதன்தானே. உளியை எடுத்து மூன்றையும் மறுபடி வெட்டி, வண்ணம் தடவி, எழுந்தான்.

மறுநாள் ஏழும் இல்லை.

அது முழங்காலுக்குக் கீழே இருந்த வரிசை. தரையில் ஊர்ந்து வருகிற ஒருவனுக்கு எட்டும் உயரம். கூயி அதை என்னிடம் சொன்னபோது கையால் தரையிலிருந்து அளந்து காட்டினான். அவனுக்கு அப்போது பயத்தைவிட வேறு ஏதோ ஒன்றுதான் இருந்திருக்கிறது. கிட்டத்தட்ட சந்தோஷம் போல. அன்று அவன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து இடைவெளியின் வாயில் வைத்துவிட்டு வந்தான்.

நான்காம் நாள் வழவழப்பு இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. உட்கார்ந்திருப்பவன் எட்டும் உயரம். ஐந்தாம் நாள் தோள்வரை. எழுந்து நிற்கிறான் என்று கூயி நினைத்தான். நான் கொடுத்த கால்களில் நிற்கிறான். அவன் வெட்ட வெட்ட, திரி மாற்றப் போய்த் திரும்புவதற்குள் புதிதாக வெட்டியவை மறைந்தன. வாசனையும் வர ஆரம்பித்திருந்தது. வறண்டு கிடக்கும் அந்த அறையில் ஈரக் களிமண்ணின் வாடை. சாய்தளத்தில் கல் வழுக்குவதற்காக ஊற்றுவார்களே, அந்தத் தண்ணீரின், வேர்வையின், கயிற்று நாரின் வாடை. திரி கருகும் மெல்லிய சடசடப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மாட்டுக் கொட்டிலில் பின்னிரவில் கேட்கிற மாதிரி. ஈரமான நாக்கு கல்லில் உரசுகிற சத்தம். உளியை நிறுத்தினான். அதுவும் நின்றது. ஆனால் உடனே இல்லை. கொஞ்சம் பிந்தி.

"இன்தி," என்றான் மெதுவாக. "போதும்டா. கொஞ்சம் விட்டு வையி. அரசரு வரப்போறாரு."

விளக்கைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்தான், ஹெசி பிடிப்பது போல. சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்லில் உள்ளது எல்லாம் தெரியும். வழவழப்பின் ஓரங்களில் தடங்கள் தெரிந்தன. பல் தடங்கள். இன்திக்கு மேல்வரிசையில் ஒரு பல் பாதிதான். சின்ன வயதில் கூயி தள்ளிவிட்டு உடைந்தது. அந்தப் பாதிப் பல்லைத் தேடினான். கண்டுபிடித்தான். எல்லாவற்றுக்கும் கீழே, தரையோடு ஒட்டி, ஒரே ஓர் இடத்தில்.

மற்றவை அவனுடையவை இல்லை.

அகலமான தாடை ஒன்று. முன்பற்களே இல்லாத ஒன்று. குறுகலான, பொடிப் பற்கள் கொண்ட ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றாக, முண்டியடித்த மாதிரி.

அன்று மாலை அவன் என்னைத் தேடி வந்தான். நான் மேல்வழியில் மை அரைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய தங்கை மெரித்தை நான் கட்டியிருக்கிறேன். அதனால் எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, பேரில்லாம ஒரு உருவம் இருந்தா என்ன ஆகும்?"

"ஏன் கேக்குற?"

சொன்னான். நான் மை அரைப்பதை நிறுத்திவிட்டேன்.

"பேரில்லாத உருவம் தாழ்ப்பாள் இல்லாத வீடு மச்சான். யாரு வேணா உள்ள வருவான். இந்த மேட்டக் கட்டுறதுல செத்தவன் எத்தனை பேரு? எவனுக்குத் திங்க வச்சோம்?"

"அதான் வந்திருக்காங்க."

"வெட்டிரு. கழுத்தோட வெட்டு. பாம்ப வெட்டுற மாதிரி."

"அவன் பசியோட செத்தான்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது மாப்ள. அவன் ரொட்டியத் தின்னது நானு."

வழியின் வாயில் ஒரு துண்டு வானம் சிவந்து, பின் கறுத்தது. பிறகு அவன்தான் சொன்னான்.

"பேர் போட்டுட்டா? இன்தின்னு எழுதிட்டா அவன் மட்டுந்தான இருக்க முடியும்? மத்தவங்க வெளிய போயிருவாங்கல்ல?"

கூயிக்குப் படிக்கத் தெரியாது. நான் மையால் எழுதுவதன் மேல் உளியை ஓட்டுவான், அவ்வளவுதான். தன் பெயரையும் தம்பி பெயரையும் மட்டும் நான் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இன்தியின் பெயர் நடுவில் ஒரு ரொட்டி வடிவம் வரும். அதைப் பார்த்து இன்தி, "எம் பேருலயே ரொட்டி இருக்கு, எனக்கெல்லாம் எப்பிடிப் பசிக்கும்?" என்று சிரித்தது ஞாபகம் வந்தது. ஒரு கல் சில்லில் அந்தப் பெயரை எழுதிக் கூயியிடம் கொடுத்தேன். கொடுத்தது நான்தான்.

இரண்டு நாள் கழித்து அரசரின் உடல் படகில் வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து பூசாரிகளின் குரல் காற்றில் மேலும் கீழுமாகக் கேட்டது. பேழையின் மூடி கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. தரையைப் பெருக்கிவிட்டு வாருங்கள், பாதித் திரிக்குள் வந்துவிட வேண்டும் என்றார் ஹெசி. அன்று காலைதான் அவர் கடைசியாகப் பட்டியலைப் பார்த்தார். இரண்டு நாள் தூங்காமல், மறைய மறைய மறுபடி வெட்டி, கூயி எல்லாவற்றையும் நிரப்பியிருந்தான். ஹெசிக்குக் குறை தெரியவில்லை. "இன்னிக்குத்தான் செதுக்கின மாதிரி இருக்குய்யா," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நான் அறைவாசலில் விளக்கோடு நின்றேன். கூயி படுத்து, இடைவெளிக்குள் கையை விட்டான். அவன் கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. ஈர மண் வாடை எனக்கும் அடித்தது. இதை நான் மறுக்கவே முடியாது.

"தம்பி, அண்ணன் வந்திருக்கேன்," என்றான். "இன்னிக்கு உம் பேரப் போட்டுர்றேன். அப்புறம் எல்லாம் உனக்குத்தான்."

விரல்கள் தடவும் சத்தம். கால். முழங்கால். வயிறு.

"வயிறு பெருசா இருக்கு மாப்ள."

"சீக்கிரம் மச்சான்."

"நான் இப்பிடிச் செய்யல."

தோள். கழுத்து. தலை. தலைக்கு மேல், பெயருக்காக அவன் விட்டுவைத்த வெற்றிடம். அங்கே விரல் நின்றது.

"இங்க ஏதோ இருக்கு."

"என்ன?"

"எழுத்து. யாரோ செதுக்கியிருக்காங்க."

விளக்கின் சுடர் படுத்து எழுந்தது. காற்று வர அங்கே வழியில்லை. எனக்குப் பின்னால், பட்டியல் சுவரில், ஈரமாக ஏதோ உரசியது. நான் திரும்பவில்லை.

"எப்பிடி இருக்குன்னு சொல்லு," என்றேன்.

"ஒரு வட்டம். உள்ள கோடு கோடா." அவன் மூச்சு வாங்கினான். "அப்புறம் ஒரு குஞ்சு."

"தலையிருக்கா?"

"இருக்கு." விரல் கீழே இறங்கியது. "காலும் இருக்கு மாப்ள."

அந்த அறையில் எந்தக் குஞ்சுக்கும் கால் கிடையாது. வைத்ததே இல்லை.

"அப்புறம் ரெண்டு நாணல்."

வட்டம், குஞ்சு, இரண்டு நாணல். நான் அதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த இரண்டே பெயர்களில் ஒன்று அது.

"எம் பேரு," என்றான்.

வழியில் காலடிகள். ஹெசியின் இருமல். பூசாரிகளின் குரல் நெருங்கிவிட்டது.

"வெட்டு," என்றேன். "கூயி, வெட்டிரு."

அந்த ஒரு கண் என்னையே பார்த்தது.

"எங்கழுத்தையா?"

உளி கல்லில் விழுந்து உருண்டது. அவன் கையை வெளியே இழுத்தான். விரல் நுனிகள் சுத்தமாக, ஈரமாக இருந்தன. தழும்புகளும் ரேகைகளும் இல்லாமல் மெழுகு போல மின்னின.

அரசரைப் பேழையில் வைத்து மூடி, மூன்று கல்கதவுகளையும் இறக்கினார்கள். உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்றிலிருந்து கூயி தின்றுகொண்டே இருந்தான். அறைக்கு வெளியேயும் அவனுக்கு எதிலும் ருசி இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை ரொட்டி. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தார்கள். "வீட்டுக்குள்ள முதலை வளக்குறேன்," என்று நூபெத்தும் முதலில் சிரித்தாள். பிறகு அவன் விலாவை எண்ண முடிந்தது. பிறகு அவளே அவனைத் தூக்கி உட்காரவைத்தாள். "எனக்குப் பசிக்கல மாப்ள," என்பான் மென்றுகொண்டே. "நிறுத்துனா அவங்க அழுறாங்க." இன்தியின் குரல் கேட்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். வெகுநேரம் மென்றுவிட்டுச் சொன்னான்: "கூட்டத்துல தெரியல."

ஒன்பதாம் மாதம், அவனைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த கடைசி வழியைச் செய்தேன். இறந்தவர்களிடம் ஒன்று கேட்கவேண்டுமென்றால் நாங்கள் கிண்ணத்தின் உட்புறத்தில் எழுதி, அதில் உணவை வைத்துக் கல்லறையில் விடுவோம். உண்ணும்போது அவர்கள் வாசித்துவிடுவார்கள். இன்திக்கு எழுதினேன். உன் அண்ணனை விட்டுவிடு, மற்றவர்களையும் விடச்சொல் என்று. ரொட்டி வைத்து மணலில் புதைத்தேன்.

மறுநாள் விடியலில் கூயி இறந்தான். அவனைத் தூக்க ஓர் ஆள் போதுமாக இருந்தது. வாயில் ரொட்டி இருந்தது. நூபெத் வடக்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஹெசி புதிய அரசரின் பிரமிடுக்கு மேற்பார்வையாளராகிவிட்டார். அங்கே என்னையும் கூப்பிட்டிருக்கிறார், நான் போகவில்லை. கூயியைத் தம்பிக்குப் பக்கத்தில் வைப்பதற்காக மணலைத் தோண்டியபோது கிண்ணம் வந்தது. ரொட்டி இல்லை. உட்புறம் மெழுகு போல வழவழவென்று இருந்தது. ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை. விளிம்பைச் சுற்றி, பெரிதும் சிறிதுமாக, பல் தடங்கள்.

அப்படிப்பட்ட கிண்ணத்தில் எழுதியவனின் பெயரையும் எழுதுவது வழக்கம். கேட்பது யார் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். நானும் எழுதியிருந்தேன்.

இன்றைய ரொட்டியில் உப்புப் போட்டதாக மெரித் சொல்கிறாள்.